இறகுப்பந்துக் குழுவின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் குடும்பங்களுக்கும் வணக்கம்.

வேலைக்காகக் காத்மாண்டுவுக்கு வந்து தங்கிவிட்ட நம் 26 தமிழ்க் குடும்பங்களின் இந்தக் குழு, வார விடுமுறையான சனிக்கிழமைதோறும் காலை 6 மணிக்கு ஆடி வந்தது. செயற்குழு நான்கு முறை கூடியது. ஒருமுறை போதிய ஆள் வராததால் தேநீர் மட்டும் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

செப்டம்பர் 8, 9 தேதிகளில் நடந்த இளைஞர் போராட்டத்தையும் அதன்பின் வந்த ஊரடங்கையும் நாம் அனைவரும் வீட்டுக்குள் இருந்தே பார்த்தோம். அதனால் இரண்டு சனிக்கிழமைகள் ஆட்டம் இல்லை. அந்த நாட்களுக்கும் அரங்க வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொண்டார்கள். கேட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை.

அடுத்து, பயிற்சியாளர். சென்ற பொதுக்குழுவில் அரை மணி நேரம் வாக்குவாதம் செய்த பிறகே பிள்ளைகளுக்கு ஒருவரை அமர்த்தச் சம்மதித்தோம். “ஓடியாடினால் போதாதா, எதற்குத் தனிச் செலவு?” என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். இன்று பிள்ளைகள் ‘தீதி’ (நேபாளியில் அக்கா) என்று சுற்றிவரும் அந்தப் பெண்மணி, நேபாளத்தின் துறை அணி ஒன்றுக்குப் பல ஆண்டுகள் ஆடியவர். (அரங்கக் காவலரைப் பிள்ளைகள் ‘தாய்’ என்று கூப்பிடுவதைக் கேட்டு ஊரிலிருந்து வந்த பாட்டி ஒருவர் திகைத்துப்போனார். நேபாளியில் அது அண்ணன்.)

ஆகஸ்டில் ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் தீதியைப் பேசச் சொன்னோம். ராணுவம், போலீஸ், ஆயுதப் போலீஸ் ஆகிய மூன்று துறைகளின் அணிகளே இங்கே விளையாட்டுக்காரர்களுக்குச் சோறு போடுகின்றன. நன்றாக ஆடும் பெண்ணுக்கு அங்கே வேலையும் மாதச் சம்பளமும் கிடைக்கும். அந்த வேலை கிடைத்ததும்தான் “எப்போது கல்யாணம்?” என்ற கேள்வி வீட்டில் கொஞ்சம் அடங்கியதாம். அவர் ஆடப் பழகியது, குளிர்காலத்தில் நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத காலம். வெளிச்சம் இருக்கும் நேரம் பார்த்துத்தான் பயிற்சி. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு அணியே மட்டையை வைத்துவிட்டு மண்வெட்டியைக் கையில் எடுத்தது. திரும்பக் கோர்ட்டில் இறங்கியபோது தோள் பழைய தோளாக இல்லை என்றார்.

2019 ஏப்ரலில் நேபாள்கஞ்சில் தேசிய விளையாட்டுப் போட்டி. காத்மாண்டு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம், நேபாள்கஞ்சோ தெற்கே தாழ்வான தராய்ச் சமவெளி. இங்கே காற்றின் அடர்த்தி குறைவு, காக் (இறகுப்பந்து) விர்ரென்று பறக்கும். அங்கே அதே கையால் உயரத் தூக்கி அடித்த டாஸ் பாதியிலேயே விழுந்து எதிராளிக்கு ஸ்மாஷ் அடிக்கத் தோதாகப் போனதாம். பழகிக்கொள்வதற்குள் முதல் கேம் கையைவிட்டுப் போயிற்று. டிசம்பரில் தெற்காசிய விளையாட்டு, இறகுப்பந்து பொக்கராவில். சொந்த நாட்டில் நடந்தும் தீதிக்கு அணியில் இடமில்லை. கோட்டு நடுவராகப் போனார். பெண்கள் ஒற்றையர் இறுதியில் அஷ்மிதா சாலிஹாவும் காயத்ரி கோபிசந்தும் ஆடியதை ஓரத்தில் நின்று பார்த்தாராம். “இருவருமே இந்தியா. நான் எதிர்முனையில் இருப்பதாக நினைத்து மனசுக்குள் ஆடிக்கொண்டிருந்தேன்” என்றார்.

பிள்ளைகளுக்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டென்மார்க்கின் ஆக்சல்சனை எதிர்த்து ஆடிய நேபாள வீரர் பிரின்ஸ் தஹாலைத் தெரியும். “பெண்களில் யார் போனார்கள்?” என்று நம் பத்து வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள். “இன்னும் இல்லை” என்று சொல்லிவிட்டு, அவளை எழுப்பி ஃபுட்வொர்க் (காலடிப் பயிற்சி) செய்ய வைத்துவிட்டார் தீதி. பேச்சு அத்துடன் முடிந்தது.

அவரால் நமக்குக் காசும் மிச்சம். சென்னையிலிருந்து வாங்கிவந்த காக் எல்லாம் இங்கே பின்கோட்டைத் தாண்டிப் போக, நாம் ஒருவர் கையை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பின்கோட்டிலிருந்து கீழ்க்கையால் முழு வேகத்தில் அடித்தால் எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 செ.மீ. முன்பாக விழ வேண்டும் என்ற சோதனையைச் செய்து காட்டி, வேக எண் குறைந்த, மெதுவாகப் பறக்கும் காக் வாங்க வைத்தார். மீதமிருந்த பழைய டப்பாக்களை இறகு நுனியை வெளிப்பக்கம் மடக்கிவிட்டு ஆடித் தீர்த்தோம். கம்பளிப் பந்தால் ஆடும் தஞ்சாவூர்ப் பூப்பந்தில் ஊறிய நம் மூத்த உறுப்பினர் மட்டும் “பந்தில் கம்பளி இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை” என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வரவு செலவை அப்புறம் பொருளாளர் வாசிப்பார். ஆண்கள் இரட்டையர் போட்டி மழையால் தள்ளிப்போய், கடைசியில் நடக்கவே இல்லை. அது என் தவறு.

ஒப்புதலுக்கு வைப்பவை இரண்டு. தீதியின் மாதத் தொகையை ஜனவரி முதல் உயர்த்துவது. பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு கோர்ட்டைக் காலை 7 முதல் 8 வரை ஒதுக்குவது. இரண்டாவதற்கு ஆண்கள் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டிவரும் என்பதால், கை தூக்கி வாக்கெடுப்பு நடத்தும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்