ஆகஸ்ட் 18: காலித் அல் அசாத் நினைவாக

குழு நண்பர்களுக்கு வணக்கம். நாளை ஆகஸ்ட் 18. சிரியாவின் பல்மைரா தொல்லியல் நகரத்தையும் அங்கிருந்த அருங்காட்சியகத்தையும் 1963 முதல் 2003 வரை, 40 ஆண்டுகள் பொறுப்பேற்றுக் காத்த காலித் அல் அசாத் 2015-இல் கொல்லப்பட்ட நாள்.

அவருக்கு அந்த ஊர் வேறு, குடும்பம் வேறு இல்லை. பல்மைராவின் அரசி செனோபியா பெயரைத்தான் மகளுக்கு வைத்தார். ஓய்வு பெற்றதும் அந்தப் பொறுப்புக்கு மகன் வந்தார். காலித் பழைய பல்மைரா எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர்.

அருங்காட்சியக வாசலில், பல்மைராவின் பழைய கோயில் ஒன்றைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் சிங்கம் நின்றது. அதன் முன்கால்களுக்கு நடுவே ஒரு மான் அடைக்கலமாகப் படுத்திருக்கும். இந்தக் கோயிலில் ரத்தம் சிந்தாதவர்களை அல்லாத் (பழைய அரபுப் பெண் தெய்வம்) வாழ்த்தட்டும் என்று சிங்கத்தின் காலிலேயே வெட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனசு கனத்துப்போகும்.

2015 மே மாதம் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) தீவிரவாதப் படை நெருங்கியபோது நூற்றுக்கணக்கான சிலைகள் டமாஸ்கஸுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவர் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. பிடித்து வைத்துக் கேட்டும் பொருள்கள் எங்கே என்று அவர் சொல்லவில்லை என்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 80-க்கு மேல்.

அந்தச் சிங்கத்தையும் உடைத்தார்கள். 2017-இல் டமாஸ்கஸில் ஒட்டிச் சேர்த்து நிறுத்திவிட்டார்கள்.

சரி, நாளை ஒருநாள் குழுவில் வேறு பதிவுகள் வேண்டாம். உங்களிடம் பல்மைரா படங்கள் இருந்தால் போடுங்கள். அப்புறம், அவர் கொல்லப்பட்ட காட்சிப் படங்களைத் தயவுசெய்து யாரும் பகிர வேண்டாம். அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள்.