தாராவியில் எங்கள் சந்துக்கு வந்து டிபி சோதித்தவர்களுக்கும், கூட நின்றவர்களுக்கும்

போன வாரம் எங்கள் வீட்டில் கடைசி மருந்து அட்டையும் காலியாயிற்று. நான்கு பேருக்கு மருந்து ஓடிய வீடு இது. அன்றைக்கே எழுத நினைத்தேன். மாவு ஆட்டும் வேலை விடவில்லை, இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

முதலில் விழுந்தவர் என் வீட்டுக்காரர். இரண்டு மாத இருமல். பக்கத்துக் கிளினிக்கில் மூன்று முறை இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள், சளியைச் சோதிக்க யாரும் சொல்லவில்லை. தோல் பை தைக்கிறவர் அவர். இடுப்பு இளைக்க இளைக்க, தன் பெல்ட்டில் தானே ஊசியால் குத்தி இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது நம் சுகாதாரத் தொண்டர் அக்காவுக்குத்தான். "அண்ணன் இருமுறது மூணு வீடு தாண்டிக் கேக்குது. மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல சளி குடுங்க" என்று இரண்டு டப்பாவைக் கையில் கொடுத்தார். ஒன்று அப்போதே எடுப்பது, இன்னொன்று விடியற்காலையில் வாயில் எதுவும் போடுமுன் எடுப்பது. சளியில் டிபி கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற ட்ரூநேட் மெஷினில் கிருமி தெரிந்தது. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமிதான் என்றும் தெரிந்தது. அக்கா, உங்களுக்கு என் முதல் நன்றி.

ஆனால் இந்த மடலை நான் எழுதுவது என் வீட்டுக்காரருக்கு நோயைக் கண்டுபிடித்ததற்காக மட்டும் இல்லை. இருமாதவர்களையும் தேடி வந்தீர்களே, அதற்காக. எங்கள் கொழுந்தன் மகனுக்கும் என் வீட்டுக்காரர் தைக்கிற அதே பட்டறையில்தான் வேலை, அங்கேயேதான் படுக்கை. வயது 19. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. கையில் தூக்கிக்கொண்டு போகிற எக்ஸ்ரே மெஷினைச் சங்கத்து அறைக்குக் கொண்டுவந்து அவனையும் நிற்க வைத்தீர்கள். நெஞ்சில் நிழல் இருந்தது, சளியிலும் கிருமி இருந்தது. 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த கணக்கெடுப்பில் எக்ஸ்ரே மட்டும் இல்லாமல் போயிருந்தால் பத்தில் நான்கு நோயாளிகளுக்கு மேல் கண்ணில் படாமலே போயிருப்பார்கள் என்று சோதிக்க வந்த டிபி சூப்பர்வைசர் தம்பி அன்றைக்குச் சொன்னார். அந்த நால்வரில் ஒருவனாக எங்கள் பிள்ளை இருந்திருப்பான்.

பட்டறை முதலாளிக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஜன்னல் கிடையாது, ஷட்டர் பாதி இறங்கியே இருக்கும், பசை வாடைக்குள் ஆறு பேர் பத்து மணி நேரம். காற்றில் பரவுகிற நோய்க்கு இதைவிட வசதியான இடம் வேண்டாம். ஆர்டர் போய்விடும் என்று முதலில் பயந்தார். பிறகு ஒரு நாள் காலை பட்டறையைப் பூட்டி, கூலியைப் பிடிக்காமல் எல்லோரையும் எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். இப்போது பின்சுவர்த் தகரத்தைக் கழற்றிக் கம்பி வைத்திருக்கிறார். வெளிச்சமும் வருகிறது, காற்றும் வருகிறது.

என் மாமியார் சர்க்கரைக்காரர். உடம்பில் டிபி கிருமி இருக்கிறதா என்று பார்க்க முன்கையில் போட்ட ஊசி இரண்டாம் நாள் தடித்துவிட்டது. "என்னையச் சிவ்ரி டிபி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டுருவியளா?" என்று அழுதார். சூப்பர்வைசர் தம்பி தரையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: எக்ஸ்ரே சுத்தம், அதனால் இது நோய் இல்லை, கிருமி உள்ளே தூங்குகிறது. இப்படி இருக்கிறவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் ஆயுளில் என்றைக்காவது நோயாக மாறும், சர்க்கரை இருந்தால் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு, அதனால் தடுப்பு மாத்திரை. வாரம் ஒரு நாள், பன்னிரண்டு வாரம். நோயே வந்தாலும் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று 1959இலேயே நம் சென்னையில் ஆராய்ச்சி செய்து நிரூபித்தார்கள் என்றார். "மெட்ராஸ்லயா?" என்று கேட்டு அத்தை அழுகையை நிறுத்தினார். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டாம் வாரமே அத்தை மாத்திரையை விட்டிருப்பார்.

நாலு வயதுச் சின்னவனுக்கு நோய் இல்லை என்று பார்த்த பின்னும் ஆறு மாதம் தினமும் தடுப்பு மருந்து. ஐந்து வயதுக்குக் கீழே கிருமி வேகமாகப் பிடிக்கும், மூளை வரைக்கும்கூடப் போகும் என்றார்கள். எனக்கும் மூத்தவளுக்கும் ஒன்றும் இல்லை.

நான் இட்லி விற்றுப் பிழைக்கிறவள், அந்த இட்லி விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். "டிபி வீட்டு இட்லி" என்று பேச்சு கிளம்பியதும் தண்ணீர்க் குழாய் வரிசையில் என் குடத்துக்கு முன்னும் பின்னும் இடம் விட்டார்கள். மறுநாள் அதே வரிசைக்குத் தொண்டர் அக்கா வந்தார். என் தட்டிலிருந்து நாலு இட்லி எடுத்துச் சட்னியில் தோய்த்து நின்றபடியே தின்றார். "காத்துலதான் பரவும். தட்டுல, டம்ளர்ல, இட்லில பரவாது. மருந்து ஆரம்பிச்சாச்சு" என்றார். என் இட்லித் தூக்கைச் சைக்கிளில் கட்டி விற்கப் போகிற இரண்டு தம்பிகள் ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை. உங்கள் இருவரையும் நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

டீக்கடை அண்ணாச்சி ஆறு மாதமும் தினம் மூன்று முட்டை அனுப்பினார், நோயாளிக்கு மட்டும் இல்லை, பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்கு நல்ல சாப்பாடு கொடுத்துப் பார்த்ததில் அவர்களுக்கு நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது என்று 2023இல் வெளியாகியிருக்கிறது. அண்ணாச்சிக்கு அது தெரியாது. "வீட்டுல புள்ளைய இருக்குல்லா" என்று மட்டும் சொன்னார். அரசு கொடுக்கும் மாதம் 1000 ரூபாய்க்காகக் கொழுந்தன் மகனுக்கு வங்கிக் கணக்கு திறக்க அலைந்த சங்கத்துப் பிள்ளைகளுக்கும் நன்றி.

பின்சந்துப் பட்டறைகளில் இன்னும் எக்ஸ்ரே எடுக்கவில்லை. அங்கே யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலோ, எடை குறைந்தாலோ, சளி டப்பா என் வீட்டில் இருக்கிறது, அக்கா கொடுத்து வைத்திருக்கிறார். காலை நாலு மணிக்கெல்லாம் இட்லி அடுப்பு எரியும், கதவைத் தட்டுங்கள்.