ரத்தம் எடுத்தீங்க, ரிசல்ட் எங்க? ஆய்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கூட்டு ஆய்வுக் குழு டாக்டர்மார், பேராசிரியர்மார், மாவட்ட சுகாதாரத்துல இருக்குற பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நீங்க அனுப்புன கடிதம் நம்ம டவுனு கோயில் போர்டுல ஒட்டியிருக்கு. எங்க தோட்டத்துல நீங்க நடத்துற சுகாதார ஆய்வுல மூணாவது கட்டம் ஆரம்பிக்கப் போறீங்களாம், எங்கள "சமூகப் பங்காளிகள்"னு போட்டிருக்கீங்க, சந்தோஷம். முதல் ரெண்டு கட்டத்துல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், அத நான் திருப்பி எழுதல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ரெண்டாவது கட்டத்துல எடுத்த ரத்தத்தோட ரிசல்ட் எங்க?

நான் யாருன்னு மறந்திருக்கலாம். சுகாதார அமைச்சோட கொஸ்பென் திட்டத்துத் தொண்டூழியர், பிபி மிஷின தூக்கிக்கிட்டு லயம் லயமா சுத்துற பொம்பள. உங்க ஸ்டூடண்ட் பிள்ளைங்கள வீடு வீடா கூட்டிட்டுப் போயி, மலாய்ல இருந்த ஆறு பக்க பாரத்த வாசப்படியில உக்காந்து தமிழ்ல சொல்லி சாய்ன் வாங்கிக் குடுத்தது நான்தான். அதுல ஒரு கேள்வி, வாரத்துக்கு எத்தன மணி நேரம் உடற்பயிற்சி செய்றீங்கன்னு. விடியக்காலையிலருந்து செம்பனைக் குலை வெட்டிட்டு வந்து அப்பதான் சட்டைய கழட்டுன அண்ணன்கிட்ட இத நான் கேக்கணும். அவரு என்னைய ஒரு பார்வ பார்த்துட்டு "சைபர்னு போட்டுக்கோ தங்கச்சி"ன்னாரு. போட்டேன். உங்க கணக்குல இன்னைக்கும் அவரு உக்காந்தே இருக்குற மனுசன்.

சரி அத விடுங்க, கோடி வீட்டு பெரியம்மா விஷயத்துக்கு வர்றேன். அது உதிரிப்பழம் பொறுக்குற வேல. ஊசின்னா பயம், வரமாட்டேன்னுச்சு. நான்தான், "மூணு மாசமா ரத்தத்துல இருந்த இனிப்ப ஒரே ஊசியில பாத்துடுவாங்க பெரியம்மா, ரெண்டு வாரத்துல சொல்லிடுவாங்க"ன்னு கையப் புடிச்சி மண்டபத்துக்கு கூட்டியாந்தேன். ரெண்டு வாரம்னு எங்கிட்ட சொன்னது உங்க மிஸி, அதான் நர்ஸு. ரத்தம் எடுத்துட்டு ஒரு மைலோ பானப் பாக்கெட்டும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுன ஒரு மஞ்ச கார்டும் குடுத்தாங்க. அத பெரியம்மா மாரியம்மா படத்துக்குப் பின்னால சொருகி வச்சிக்கிட்டு, பாக்குறப்பெல்லாம் "ரிசல்ட் வந்துச்சா ஆயி"ன்னு கேக்கும். நான் உங்களுக்கு வாட்சாப்புல கேட்டேன், ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, அவ்ளோதான். கொஞ்ச நாளு போனதும் அதுவே சொல்லிக்கிச்சு, "ஒண்ணும் சொல்லலன்னா ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்"னு.

அப்புறம் ரப்பர் பூட்ஸ் உராஞ்சி கால்ல புண்ணு. மஞ்சள வச்சி, மேல பிளாஸ்டிக் பைய சுத்தி, அதோட வேலைக்காட்டுக்குப் போச்சு, காலையில பேர் பதியிற பெரட்டுக்கு நிக்கலன்னா அன்னைக்கி சம்பளம் போச்சே. கிளினிக்குல ஒரு வெள்ளி, ஒரு ரிங்கிட்தான் வாங்குறாங்க, இல்லன்னு சொல்லல, ஆனா பஸ் நின்னுபோன ஊர்ல வாடகைக் காருக்கு போக வர நாப்பது வெள்ளி. கால் கறுத்த பிறகுதான் தூக்கிட்டு ஓடுனோம். ரெண்டு விரல எடுத்துட்டாங்க. இனிப்பு நீர், அதான் நீரிழிவு, எப்பவாவது டெஸ்ட் பண்ணியிருக்கான்னு அங்க டாக்டர் கேக்குறாரு, பெரியம்மா சுருக்குப் பையிலருந்து அந்த மஞ்ச கார்ட எடுத்து நீட்டுது. அவரு முன்னாடி பாத்தாரு, பின்னாடி திருப்பிப் பாத்தாரு. நம்பரத் தவிர அதுல என்ன இருக்கு?

அன்னைக்கி அதோட இனிப்பு எவ்ளோ இருந்துச்சுன்னு எங்களுக்கு இன்னிவரைக்கும் தெரியாது. ஒருவேள சரியாவே இருந்திருக்கலாம். உங்க லேப்டாப்புக்குத் தெரியும்.

ஆய்வு வேணாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. மலேசியாவோட 2019 தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டுப் பேருக்கு இனிப்பு நீர், 2023ல 15.6, இனவாரியா பாத்தா நம்ம இந்தியர்கள்தான் முன்னால நிக்கிறோம், இந்த ஒண்ணுலயாவது முன்னாலன்னு சிரிச்சிக்க வேண்டியதுதான். அளக்கலன்னா இது எப்படித் தெரியும்? ஆனா நூறு வருஷத்துக்கு மேல எங்கள அளந்துக்கிட்டுதானே இருக்கீங்க. 1901ல கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன்னு ஒரு வெள்ளக்கார டாக்டரு, தோட்டத்துப் பிள்ளைங்க வயித்த அமுக்கி மண்ணீரல் வீங்கியிருக்கான்னு எண்ணி மலேரியா கணக்கு எடுத்தாரு. எடுத்துட்டுப் போயிடல, கால்வாய் வெட்டி சதுப்பத் தண்ணிய வடிய வச்சாரு, சாவு கொறஞ்சிச்சு. மண்வெட்டி புடிச்சது கூலிக்காரங்க, அது வேற கதை. தொரை காலத்துல கால்வாயாவது கெடச்சிச்சு, எங்களுக்கு மைலோ.

முடியாத காரியமும் இல்ல. ஜொகூர் செகாமாட்டுல மொனாஷ் பல்கலைக்கழகம் 2011லருந்து சீக்கோன்னு ஒரு ஆய்வுக் களம் நடத்துது, அங்கயே ஆபீஸ் போட்டு, அதே குடும்பங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாக்குறாங்க. ஹெல்சிங்கி பிரகடனம்னு, மனுசங்கள வச்சி செய்ற மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறை, டாக்டர்மார் உங்களுக்கு நல்லாவே தெரிஞ்ச ஒண்ணு இருக்கு, கலந்துக்கிட்டவங்களுக்கு ஆய்வோட முடிவத் தெரிஞ்சிக்கிற வாய்ப்பு குடுக்கணும்னு அதுல இருக்கு, 2024ல திருத்துனப்போ ஆய்வுக்கு முன்னாடி, நடக்குறப்போ, முடிஞ்ச பிறகு மூணு நேரத்துலயும் அந்தச் சமூகத்தோட பேசணும்னு சேத்திருக்காங்க. இதையெல்லாம் கூகல்ல தேடிப் படிச்ச நானே உங்களுக்கு சொல்ல வேண்டியிருக்கு பாருங்க.

இந்தக் கூட்டு ஆய்வுக்கு நீங்க ஒப்பந்தம் போட்ட படமும் பாத்தேன், கோட்டு போட்டவங்க எட்டுப் பேரு ஃபைல மாத்திக்கிறீங்க. பங்காளிங்க எங்களக் காணோம். எங்க கூட்டத்துல பங்காளின்னா சொத்துல பாகம் உண்டு, சண்டைக்கும் வருவான்.

கோவத்துல ரொம்ப எழுதிட்டேன், மன்னிக்கணும். தெருவுல பேச்சு வாங்குறது நான், அதான். தயவு செஞ்சி கேட்டுக்குறேன், மூணாவது கட்டத்துக்கு ஊசி எடுக்குறதுக்கு முன்னால ரெண்டாவது கட்டத்து ரிசல்ட்ட குடுங்க. ஆளாளுக்குத் தனித்தனியா, தமிழ்ல, யாருக்கு கூடுதலோ அவங்கள கிளினிக்குல சேத்துவிட்டுட்டு. அடுத்த கேள்வி பாரம் தயார் பண்றப்போ குலை வெட்டுற ஒருத்தர், பழம் பொறுக்குற ஒருத்தர், ரெண்டு பேர உங்க மேசையில உக்கார வைங்க, அன்னைக்கி சம்பளத்தையும் சேத்துக் குடுத்து.

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு மேல எல்லாரும் வீட்ல இருப்பாங்க. ரிசல்ட்டோட வந்தீங்கன்னா தேத்தண்ணி போட்டு வைக்கிறோம். வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க, மண்டபச் சாவி எங்கிட்டதான் இருக்கு.

இப்படிக்கு,
உங்க பாரத்துல "உள்ளூர் உதவியாளர் 2"