ஊருணிக் கரையில் பூங்கா வருமுன்

காரைக்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நம் ஊருணிக் கரையில் பூங்கா அமைப்பது பற்றிய உன் கடிதமும் வரைபடமும் வந்து சேர்ந்தன. நடைபாதை, நீரூற்று, ஊஞ்சல், செல்ஃபி மேடை எல்லாம் அழகாகப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் எந்த வழியாக உள்ளே வரும் என்பதை மட்டும் எங்கும் காணோம்.

கூரையில் விழுந்த மழை முற்றத்துக்கு, அங்கிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து ஊருணிக்கு என்று சரிவு பார்த்து ஊர் கட்டிய சீமை நம்முடையது. இன்று தார் மேல் தார் போட்டு ரோடு ஏறிவிட்டது, ஊருணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்கால் கீழே கிடக்கிறது, நடுவே உள்ள குழாய்ப்பாலத்தில் பாதி மண். அதனால் முதல் வேலை, ஒரு மழை நாளில் குடையோடு வரத்துக்கால் முழுக்க நடந்து பார்ப்பதுதான். எங்கே தேங்குகிறது, எந்த வீட்டுச் சாக்கடை வந்து சேருகிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். ஒரே ஒரு சாக்கடை விழுந்தாலும் போதும், பாசி பச்சைப் போர்வையாகப் படரும். ராத்திரியில் அந்தப் பாசியே தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில் மீன் செத்து மிதக்கும். நீரூற்று வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பம்பில் பாசி அடைத்து அது நின்றுபோகும், பிறகு துருப்பிடித்த குழாய்தான் நடுவில் நிற்கும்.

கணக்கையும் பார். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால், ஒரு ஏக்கர் ஊருணியில் தினம் 20,000 லிட்டர் போகும். மாசி தொடங்கி ஆனி முடிய ஐந்து மாதத்தில் முக்கால் மீட்டர் இறங்கிவிடும், மண் குடிப்பது தனி. ஐப்பசி கார்த்திகையில் நிறையாத ஊருணிக்கு, ஆனியில் சேற்றைப் பார்த்துக்கொண்டு நடக்கத்தான் பாதை.

தண்ணீர் நுழையும் இடத்தில் 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் ஒரு வண்டல் தொட்டி கட்டச் சொல். அதன் முன் கம்பிச் சட்டத்தைச் செங்குத்தாக வைக்காமல் சாய்த்து வைத்தால் பையும் சருகும் மேலே ஏறி ஒதுங்கும், தண்ணீர் அடியில் ஓடும். புரட்டாசியில் தொட்டியை வழிப்பது யார் வேலை என்று இப்போதே பேசி முடித்துவிடு.

தூர் வாருவதில்தான் காரியம் கெடுகிறது. மேலே கிடக்கும் கறுப்பு வண்டலை மட்டும் எடுக்க வேண்டும். அதற்கு அடியில் இருக்கும் களிமண்தான் தண்ணீரைத் தாங்குகிறது. மண்ணுக்கு விலை உண்டு என்பதால் இயந்திரம் ஆழப் போகப் பார்க்கும். களியை உடைத்துச் சரளைக்குப் போய்விட்டால் எத்தனை மழை பெய்தாலும் நிற்காது. நாலைந்து இடத்தில் ஒரு மீட்டர் குழி தோண்டி, களி எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக் கம்பு நட்டுவிட்டு வேலையைத் தொடங்கு. வண்டல் அள்ள வட்டாட்சியர் அனுமதி வேண்டும். அதற்கும் முன்னால் சர்வேயரை வைத்துப் புலப்படத்தின்படி, அதாவது நில அளவை வரைபடத்தின்படி, எல்லைக்கல் ஊன்றிவிடு, பிறகு சண்டை இல்லை.

வரைபடத்தில் நாலு பக்கமும் செங்குத்துச் சுவர் இருக்கிறதே, அதை அடித்துவிடு. தண்ணீர் சடாரென இறங்கும்போது, ஊறிய மண் பின்னாலிருந்து தள்ளும். எதிர்ப்பக்கம் தாங்கத் தண்ணீர் இல்லாததால் சுவர் உள்ளே சாயும். வடிகுழாய் இல்லாத சுவர் இப்படித்தான் விழுகிறது. தவறி விழுந்த பிள்ளைக்கும் பிடித்து ஏற வழியில்லை. இடத்துக்குத் தகுந்தபடி உயரம் ஒன்றுக்கு அகலம் இரண்டு அல்லது மூன்று என்று கரையைச் சரித்து, செம்புராங்கல் பதித்து, இடையிடையே வெட்டிவேர் வை. சுவர் கட்டியே ஆகவேண்டிய இடத்தில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு வடிகுழாயும் அதன் பின்னால் ஜல்லியும் கட்டாயம்.

படித்துறைக்கு 15 சென்டிமீட்டர் உயரம், 30 அகலம். கடைசிப் படிக்குக் கீழே, முழங்கால் ஆழத்தில், ஒன்றரை மீட்டர் அகலமாக ஒரு திட்டு விடு. வழுக்கினாலும் நிற்க இடம் இருக்கும். ஆத்தங்குடிக் கல் பதிக்கலாம் என்று யாரோ யோசனை சொன்னதாக எழுதியிருந்தாய். கண்ணாடி மேல் வார்த்து எடுக்கிற கல் அது, மினுமினுப்பே அதன் பெருமை. ஈரக்காலோடு அதில் ஏறினால் இடுப்பு போய்விடும். முகப்பில் நடக்கட்டும், படித்துறைக்கு வேண்டாம்.

நடைபாதை 2 மீட்டர் போதும். புதிதாகக் கொட்டிய மண்ணில் உடனே பேவர் கல் போடாதே. 20 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டு உருளை ஓட்டி, ஒரு மழைக்காலம் விட்டுப் பிறகு போடு. அதுவரை சரளையே இருக்கட்டும், முழங்காலுக்கும் அதுதான் நல்லது. பாதையைக் கரைக்கு வெளிப்பக்கமாகச் சற்றே சாய்த்தால், ஓடும் மழைநீர் உள்சரிவை அரிக்காது. மிகுதித் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கின் உயரத்தை யார் சொன்னாலும் கூட்டாதே. மின்பெட்டியும் விளக்குக் கம்பத்தின் இணைப்பும் கலுங்கு மட்டத்துக்கு நன்றாக மேலே, மின்சாரம் கசிந்தால் தானே நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பானோடு இருக்க வேண்டும்.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் துளிர்க்கும், வேரோடு பிடுங்க வேண்டும். ஆட்டுப் புழுக்கையில் விதை வந்துகொண்டே இருக்கும், மூன்று மழைக்காவது கன்று பிடுங்க ஆள் வேண்டும். படியருகே ஆலும் அரசும் வைத்தால் வேர் கல்லைப் பெயர்த்துவிடும். புங்கையும் நாவலும் ஐந்து மீட்டர் தள்ளி வை. சறுக்குமரம் இரும்பானால் நம் வெயிலில் பிள்ளைகள் தொடை வெந்துபோகும், மர நிழல் பார்த்து ஊன்று. கழிப்பறை கரையிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, தண்ணீர் வரும் பக்கமாக இல்லாமல் இருக்கட்டும்.

மீன் விடுவதானால் உள்ளூர்க் கெண்டை போதும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தடை இருக்கிறது, ஜிலேபி மீன் அடிமண்ணைக் கிளறும்.

வரத்துக்காலை நடந்து பார்த்துவிட்டு, எங்கெங்கே அடைப்பு என்று வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்து அனுப்பு. மதிப்பீட்டை அதற்குப் பிறகு பார்ப்போம். ஆச்சியிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி