டெனீவாவுக்குப் பிறகு ஓர் இரவு

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்தது கேட்டு நிம்மதி. மாடி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடு. இங்கே மழை விட்டபாடில்லை. ஈரத்துணிக்காக வீட்டுக்குள்ளேயே கொடி கட்டியிருக்கிறேன்.

ஒரு சேதி. மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டேன். நம் பழைய ஸ்டார் ட்ரெக் ரசிகர் கதைதான், அந்த அமெரிக்க விண்வெளித் தொடரின் ஆட்களை வைத்து நாமே எழுதுவது. தம்பி போன பிறகு இரண்டு வருஷமாக எனக்கு ஒரு வரிகூட ஓடவில்லை என்பது உனக்குத் தெரியும்.

முதல் சீசனைத் திரும்பப் பார்த்தேன். 1967 ஏப்ரல் 6-ம் தேதி வந்த கதையில், வரலாறு தடம் புரளாமல் இருக்க, தான் நேசித்த ஈடித் கீலரை வண்டியில் அடிபட்டுச் சாகவிடுகிறான், கடந்த காலத்துக்குப் போன விண்கப்பல் கேப்டன் கிர்க். காப்பாற்றப் பாய்ந்த டாக்டர் மெக்காயையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். சரியாக அடுத்த வாரம், டெனீவா கிரகத்தில் அவன் அண்ணன் சாம் செத்துக் கிடக்கிறான். அண்ணியும் போய்விடுகிறாள். மகன் பீட்டர் மட்டும் பிழைக்கிறான். ஆனால் கடைசிக் காட்சியில் கிர்க்கின் நண்பன் ஸ்பாக்கின் காது கூர்மையைப் பற்றிக் கேலி பேசிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணனைப் பற்றி ஒரு சொல் இல்லை. பீட்டர் என்ன ஆனான் என்றும் இல்லை.

அன்றைய தொடர்கள் அப்படித்தான், அந்தந்த வாரத்துக் கதை அந்தந்த வாரத்தோடு முடிந்துவிடும். ரசிகைகளுக்கு அது பொறுக்கவில்லை. அதே 1967-ல் அமெரிக்காவில் ஸ்பாக்கனேலியா என்ற ரசிகர் இதழ் வந்தது. அப்புறம் எத்தனையோ இதழ்கள், தபாலில் கை மாறிப் போயின. எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அடிபட்டவன் பக்கத்தில் நண்பன் உட்கார்ந்திருக்கும் கதைகளுக்கு 'ஹர்ட் கம்ஃபர்ட்' என்று தனிப் பெயரே வைத்தார்கள். அழுமூஞ்சிக் கதைகள் என்று சிலர் தள்ளிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொடர் தாண்டிப் போன துக்கத்துக்கு அவர்கள்தான் நேரம் ஒதுக்கினார்கள்.

நான் எழுதுவது டெனீவாவை விட்டுக் கிளம்பிய அந்த இரவு. கிர்க் அறையில் விளக்கைப் போடவில்லை. கப்பலில் செய்த ஒளிச் சோதனையில் ஸ்பாக்கின் பார்வை போய்த் திரும்பியது நினைவிருக்கிறதா? அதனால் இருட்டு அவனுக்குப் புதிதில்லை. சாமின் துணிமணிகளை ஸ்பாக் தடவித் தடவி மடிக்கிறான். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை.

இது உன்னிடமிருந்து எடுத்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள், நீ மட்டும் தங்கினாய். தம்பி பீரோவில் இருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பட்டன் போட்டு, மடித்து வைத்தாய். ஒரு சட்டைப்பையில் பஸ் டிக்கெட் கிடைத்தது. அதை என்னிடம் நீட்டவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. நீவிவிட்டு அதே பையில் வைத்தாய். நான் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரிதான் எனக்குத் தூக்கம் வந்தது. இதை உன்னிடம் இதுவரை சொன்னதே இல்லை.

ஆறு பக்கம் ஆகிவிட்டது. இப்போது பீட்டர் கண் விழிக்கிறான். அங்கே நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாகப் பிள்ளைகளோடு இருக்கிறவள் நீ. அப்பா அம்மா இரண்டு பேரையும் ஒரே நாளில் இழந்த பையன் முதலில் என்ன கேட்பான், சாந்தி? தோன்றுவதை எழுது. அதுவரை அவனைத் தூங்கவிடுகிறேன்.

அன்புடன்,
மீனா