நாலாயிரம் பேர் என்று மட்டும் எழுதினால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கலிஃபோர்னியாவின் பழைய ஸ்பானிய மிஷன்களை, அதாவது பூர்வகுடிகளைக் கிறிஸ்தவர்களாக்க ஸ்பானியப் பாதிரியார்கள் அமைத்த குடியிருப்புகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அவற்றில் ஒன்றான சான் ஹுவான் பாட்டிஸ்டா பற்றி அவ்வளவு எழுதியவர்கள் அங்கிருக்கும் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் இருப்பது சான் ஹோசேயில், அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். மான்டரே போகிற நம்மவர்கள் பலர் வழியில் இறங்கி, வளைவுகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நானும் முதல் இரண்டு தடவை அதைத்தான் செய்தேன். மூன்றாவது தடவைதான் தேவாலயத்தின் வடக்குச் சுவரை ஒட்டி இருக்கும் அந்த இடத்துக்குப் போனேன். ஒலிவ மரங்கள், சில சிலுவைகள், மற்றபடி வெறும் தரை. அந்தச் சின்ன இடத்தில் நாலாயிரத்துக்கும் அதிகமான பூர்வகுடி மக்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்! பெரும்பாலும் முட்சுன் மக்கள். 1797-இல் மிஷன் தொடங்கிய பிறகு அம்மை போன்ற புது நோய்களும், நெருக்கடியான அடைப்பு வாழ்க்கையும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் அவர்களை வாரிக்கொண்டு போய்விட்டன. 1812-இல் கட்டி முடித்த அந்தப் பெரிய தேவாலயமும் அவர்கள் உழைப்புதான்.

உள்ளே தரை ஓடுகளைக் குனிந்து பார்த்தால் சிலவற்றில் விலங்குகளின் கால்தடம் தெரியும், ஓட்டை வார்த்து வெயிலில் காயப்போட்டிருந்தபோது ஏதோ ஒன்று மிதித்துக்கொண்டு போன தடம். குழந்தைகள் விரலை வைத்து அளந்து பார்க்கிறார்கள். அந்த ஓட்டை வார்த்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

இறந்தவர்களைப் பற்றி இத்தனை ஆயிரம் பேர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம், ஏதோ பெயரே தெரியாதவர்கள் மாதிரி. உண்மையில் பெயர்கள் இருக்கின்றன. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஒவ்வொன்றையும் பாதிரியார்கள் வரிசை எண் போட்டுப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். வைத்த ஸ்பானியப் பெயரோடு பல இடங்களில் அவர்களுடைய சொந்தப் பெயரும் பிறந்த ஊரும்கூட உண்டு. கலிஃபோர்னியாவின் 21 மிஷன்களின் பதிவேடுகளையும் ஹன்டிங்டன் நூலகம் 2006-இலேயே தரவுத்தளமாக்கிவிட்டது, ஞானஸ்நானப் பதிவுகள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். அப்புறம் என்ன தடை? வடக்குச் சுவர் ஓரத்தில் அந்தப் பெயர்களைப் பொறித்து வைக்கலாமே. எந்த மாதிரி, எந்த மொழியில் என்பதை அமா முட்சுன் என்ற பெயரில் இன்றும் இருக்கிற அவர்களுடைய வழித்தோன்றல்கள்தான் முடிவு செய்ய வேண்டும், வேண்டாம் என்றால் அதுவும் அவர்கள் விருப்பம். அவர்களைத் தனி இனமாக அமெரிக்க மத்திய அரசு இன்னும் அங்கீகரிக்கவில்லை என்பது வேறு ஒரு வேதனை.

அந்தத் தோட்டத்தில் அடக்கமானவர்களில் ஒருவர் அசென்சியோன் சொலோர்சானோ என்ற பாட்டி. முட்சுன் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனுஷி அவர்தான். சாகக் கிடந்த நாட்களில் ஜான் ஹாரிங்டன் என்ற மொழி ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக் கேட்க, சொற்கள், மூலிகைகள், ஊர்க்கதைகள் என்று ஞாபகத்தில் இருந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். 1930 ஜனவரியில் இறந்தார். அன்று எழுதிக்கொண்ட குறிப்புகளையும், அதற்கும் நூறு வருஷத்துக்கு முன்பு அதே மிஷனில் இருந்த அர்ரோயோ தெ லா குவெஸ்டா என்ற பாதிரியார் எழுதிவைத்த இலக்கணக் குறிப்புகளையும் வைத்துத்தான் 2016-இல் முட்சுன் அகராதி வந்தது. பாட்டி சொன்ன சொற்களை இன்று அவருடைய இனத்துப் பிள்ளைகள் திரும்பப் படிக்கிறார்கள். படுக்கையில் கிடந்துகொண்டு ஒரு மொழியையே கொடுத்துவிட்டுப் போன அந்த அம்மாவைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகையில் நாலு வரி வராவிட்டால் வேறு எதில் வரும்?

அடுத்த முறை இந்தப் பக்கத்து மிஷன்களைப் பற்றி எழுதுகிறவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள், வளைவுகளைப் பார்த்த பிறகு ஒரு பத்து நிமிஷம் வடக்குச் சுவர்ப் பக்கமும் போய்வரட்டும். அந்தப் பாட்டியின் பெயரையாவது எழுதட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
சான் ஹோசே, கலிஃபோர்னியா