பிரசவ அறையில் எங்களோடு இருந்த செவிலியர் அக்காவுக்கு

என் மகள் எடை குறைவாகப் பிறந்தாள். அன்று பணியில் இருந்த அக்கா, உங்களுக்கு மனமார்ந்த நன்றி.

குழந்தை அழுத பிறகும் தொப்புள்கொடியை நீங்கள் உடனே வெட்டவில்லை. ஒரு நிமிடமாவது பொறுத்தால் நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேரும், பின்னாளில் இரும்புச்சத்துக் குறைபாடு வரும் வாய்ப்பும் குறையும் என்று வேலைக்கு நடுவிலேயே விளக்கினீர்கள். அப்புறம் துடைத்து, என் வெறும் மார்பில் படுக்கவைத்தீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பாலும் குடித்துவிட்டாள்.

குளிப்பாட்டித் தரச் சொன்ன என் மாமியாரிடம் நீங்கள் பேசிய விதம்தான் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. “24 மணி நேரம் போகட்டும் அம்மா, இப்போது குளிப்பாட்டினால் உடம்புச் சூடு இறங்கிவிடும். முன்பு நாங்களும் உடனே குளிப்பாட்டினோம். ஆய்வுகளைப் பார்த்துத்தான் மாற்றிக்கொண்டோம்” என்றீர்கள். அவரும் சரி என்றார். விதி என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் நெடுநேரம் மார்போடு அணைத்தே வைத்திருந்தோம். இப்போது எடை நன்றாகக் கூடியிருக்கிறது, அக்கா. நீங்கள் சொன்னபடி தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட இல்லை. ஆறு மாதம் முடியும்வரை அப்படியே தொடர்வோம்.